பட்டியலில் முப்பத்தெட்டாவது

ஒரு வருடம் முழுக்க மாண்ட்ரியல் நகரத்துத் தமிழர்களுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். புருஷனுடைய பதவி உயர்வை இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் பொரித்தெடுத்தவள் நான். கணக்கில் எம்.ஏ. படித்ததும், மாம்பலத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் பாடம் நடத்தியதும் யாருக்கும் ஞாபகம் இல்லை. யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் அடுப்பங்கரையில் எண்ணெய்ப் பாட்டிலை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு, "சும்மா தமாஷுக்கு, பத்மா" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். தப்பு என்னுடையது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரர் கோவிந்தராஜன் இயந்திரப் பொறியாளர். காகித ஆலைகளுக்கு இயந்திரம் செய்துகொடுக்கிற ஒரு கம்பெனியில் எண்ணெய்ப் பிரிவில் வேலை. எந்த உருளைக்கு எந்த எண்ணெய், எத்தனை டிகிரி குளிரில் அது எப்படி ஓடும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். பத்து வருடமாக அதே மேஜை, அதே நாற்காலி. இவரிடம் வேலை கற்றுக்கொண்ட மூன்று பேர் இவரைத் தாண்டி மேலே போனார்கள். மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது திறமை அல்ல, துப்பாக்கி.

அந்தக் கம்பெனியில் பெரியவர் லாபெல்; பிரெஞ்சு மரியாதைப்படி மிஸியே லாபெல். ஒவ்வொரு வருடமும் நவம்பர் முதல் வாரம் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வடக்கே ஒரு ஏரிக்கரை மரவீட்டுக்கு மான் வேட்டைக்குப் போவார். மூன்று நாள் தாடி மழிக்காமல், பீன்ஸ் தின்று, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். வந்த மறுமாதம் அந்த ஆறு பேரில் ஒருவருக்குப் பதவி உயர்வு. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் ஆபீஸ் துடைக்கிற அம்மாளுக்குக்கூடத் தெரியும்.

1974 ஜூலையில் ஒரு நாள் காப்பி குடிக்கும்போது லாபெல் இவர் தோளைத் தட்டி, "கோவி, இந்த வருஷம் நீயும் வாயேன்" என்றாராம். பிரிவுத் தலைவர் நாற்காலி டிசம்பரில் காலியாகப் போகிறது என்பதும் அன்றைக்கே காதில் விழுந்ததாம். இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வரேன்னுதான் சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? ஆனா பத்மா, நம்ம வீட்ல கேக் வாங்கினாக்கூட முட்டை இருக்கான்னு கேட்டுட்டுத்தான் வாங்கறோம்."

இந்த இடத்தில் நான் சொன்னதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "ஒரு மான்தானே? கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டுட்டு வாங்க. வந்ததும் கராஜ்லயே வெந்நீர் வெச்சுத் தரேன், தலைக்குக் குளிச்சுட்டு உள்ளே வாங்க" என்றேன். பிரிவுத் தலைவர் மனைவி என்கிற பட்டம் என் கண்ணில் அப்படி மின்னியது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று லாபெலிடம் யோசனை கேட்டபோது, புதிதாகப் பழகுகிறவனுக்கு செமி ஆட்டோமேட்டிக்தான் சௌகரியம் என்றாராம். ஒரு தரம் சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே உள்ளே ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் தோட்டா ஏற்றத் தாழை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இவர் ஆபீஸில், லாபெலையும் சேர்த்து, கூட வரப்போகிற ஆறு பேரிடமும் போய் அவரவர் துப்பாக்கிக்கு என்ன அளவுத் தோட்டா என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். ஆறு பேரும் ஒரே அளவு. இவர் மட்டும் வேறு அளவில் வாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "என் தோள்பட்டைக்கு இதுதான் சரி" என்றார். நானும் தலையாட்டினேன்.

துப்பாக்கி வாங்க ஒரு மத்தியானம்தான் ஆயிற்று. அதற்கு வேண்டிய சாமான்கள் வாங்க மூன்று மாதம் ஆயிற்று.

எங்கள் கூட்டத்தில் யாரும் எதையும் தனியாக வாங்கியதில்லை. ஒரு ஃபிரிட்ஜ் வாங்குவதென்றால் நான்கு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவோம். வாங்குகிறவருக்கு மூன்றாவது வாரம் ஃபிரிட்ஜ் ஆசையே போய்விடும். மற்றவர்களுக்கு அப்போதுதான் சூடு பிடிக்கும். துப்பாக்கி விஷயத்திலும் அப்படியே ஒரு கமிட்டி கூடியது. பியர்பொன்ட்ஸ் பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடம், ஞாயிறு மூன்று மணி, வாழைக்காய் பஜ்ஜி.

கமிட்டியில் முதல் ஆள் டாக்டர் மணிவாசகம். நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையிலிருந்து மனைவி அலமுவோடு வருவார். எலும்பு வைத்தியர். கல்லூரி நாளில் என்.சி.சி.யில் சேர்ந்து தாம்பரத்தில் ஐந்து ரவுண்டு சுட்டவர் என்பதால் எங்களுக்குள் அவர்தான் ராணுவ நிபுணர். இரண்டாவது ஆள் பேராசிரியர் சண்முகவேல், பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர். ஒரு தரம் காதில் விழுந்த எண்ணை மறக்க மாட்டார். அதுவே அவரிடம் எல்லோருக்கும் பயம்.

முதல் இரண்டு வாரம் துப்பாக்கிமேல் பொருத்துகிற தொலைநோக்கிக் கண்ணாடி பற்றி. நாலு மடங்கு பெரிதாகக் காட்டுவதா, மூன்றிலிருந்து ஒன்பது வரை மாற்றிக்கொள்வதா? இவர் இரண்டையும் கடைக்காரரிடம் கெஞ்சி வீட்டுக்கு வாங்கி வந்து, துப்பாக்கியில் மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, ஜன்னலருகே நின்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டு மதாம் ஷாரே துணி காயப் போட வந்தவள் இவர் தன்னைப் பார்ப்பதாக நினைத்துக் கையசைத்தாள். இவரும் மரியாதைக்குக் கையசைத்தார்.

"மூணுல ஆரம்பிச்சு ஒன்பது வரைக்கும் போனா, தேவையில்லாம நிறையப் பார்க்க வேண்டி வரும்" என்றார் டாக்டர்.

"மானைப் பார்க்கத்தானே வாங்கறோம்?" என்றார் சண்முகவேல்.

"மானைப் பார்க்கலாம். அதோட முகத்தையும் பார்த்துட்டா?"

இவர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் ஒன்பதைத்தான் வாங்கினார்.

அடுத்தது தோளில் மாட்டுகிற வார். தோல் வாரா, கான்வாஸ் வாரா என்று ஒன்றரை மணி நேரம். தோல் பசுவின் தோலாக இருக்கும், அது வேண்டாம் என்றார் இவர். மானைக் கொல்லப் போகிற மனிதர் மாட்டுக்கு இரக்கப்படுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க பெல்ட்டும் ஷூவும் என்ன, வெண்டைக்காயா?" என்று கேட்டேன்.

"ஷூ பூஜைக்கு வராது. துப்பாக்கி ஆயுத பூஜைக்கு வந்தா வாரும் கூட வரும்" என்றார். கமிட்டி ஒரு மனதாகக் கான்வாஸை நிறைவேற்றியது.

சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்குமாம். அதற்குத் தோளில் இடிக்கிற இடத்தில் ஒரு ரப்பர் மெத்தை. டாக்டர் என் தையல் டேப்பை வாங்கி இவர் தோளெலும்பை அளந்து, முக்கால் அங்குலம் என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக்கொடுத்தார். காதுக்கு இரண்டு மூடி. மற்ற வேட்டைக்காரர்கள் இவரையே மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமலிருக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை. அப்படிச் சுடப்படுவதற்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சண்முகவேல் கணக்குப் போட்டுச் சொல்ல, இவர் அதே நிறத்தில் ஒரு தொப்பியும் சேர்த்துக்கொண்டார். பிறகு பெட்டி: கெட்டியான பெட்டியா, பஞ்சு வைத்த உறையா? இரண்டும். ஊதல், திசைகாட்டி, கையைச் சூடாக்குகிற பொட்டலம். கிழக்குப் பக்கம் இருந்த அந்தத் துப்பாக்கிக் கடைக்குப் பன்னிரண்டாவது தடவை போனபோது, கடைக்காரக் கிழவர், "மிஸியே, வேட்டைக்குப் போகிறீர்களா, புத்தகம் எழுதப் போகிறீர்களா?" என்று கேட்டேவிட்டார்.

இதற்கெல்லாம் சிகரம் எண்ணெய்ப் பரிசோதனை. துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் குளிரில் கெட்டியானால் உள்ளே தாழ் நகராது. அது இவர் சொந்த சாம்ராஜ்ஜியம். ஏழு வகை எண்ணெயை ஒரு இரும்புத் தகட்டில் ஏழு சொட்டு வைத்து, என் ஃப்ரீசரில் பட்டாணிக்கும் துருவின தேங்காய்க்கும் நடுவில் சாய்த்து வைத்தார். மணிக்கொரு தரம் திறந்து எந்தச் சொட்டு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்தார். என் தேங்காயெல்லாம் மெஷின் வாசனை. மூன்றாம் நாள் ஜெயித்த எண்ணெயைக் கட்டைவிரல் அளவு பாட்டிலில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

கடைசியில் எல்லாவற்றையும் டைப் அடித்து, கார்பன் பிரதி எடுத்து, கமிட்டி உறுப்பினர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். நாற்பத்தொரு வரி. முப்பத்தேழு, கைச் சூட்டுப் பொட்டலம். முப்பத்தொன்பது, ஊதல். இரண்டுக்கும் நடுவில், 'தோட்டா, பெட்டி ஒன்று, இருபது.'

"தோட்டா முப்பத்தெட்டாவதா?" என்று நான் சிரித்தேன்.

"ஒரு பெட்டி போதுமா, கோவிந்த்?" என்று டாக்டர் கேட்டார்.

"முதல் வருஷம்தானே, போதும்" என்றார் இவர்.

அக்டோபர் கடைசியில் ஆயுத பூஜை வந்தது. ஐந்து படி கொலு. அதற்கு முன்னால் இவருடைய ஸ்லைட் ரூல், டைப்ரைட்டர், என் தையல் மெஷின், அருவாமணை, கார் சாவி, பனி தள்ளுகிற மண்வெட்டி, நடுவில் சிவப்புப் பட்டுத் துணிமேல் துப்பாக்கி. தோட்டா கிடையாது, தொலைநோக்கி கிடையாது. வெறும் துப்பாக்கியும் கான்வாஸ் வாரும். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், சாமந்தி சாத்தினேன். சரஸ்வதியிடம் நான் அன்றைக்குக் கேட்டது கல்வியல்ல. பிரிவுத் தலைவர் நாற்காலி.

எங்கள் வீட்டில் பூஜைக்கு முன்னால் ஆயுதம் எதுவாக இருந்தாலும் எண்ணெய் காட்டித்தான் வைப்போம். அருவாமணைக்கு ஒரு சொட்டு, தையல் மெஷினுக்கு நாலு சொட்டு. துப்பாக்கிக்கு உண்டான எண்ணெயை இவர் பெட்டிக்குள் பூட்டிச் சாவியை ஆபீஸுக்குக் கொண்டுபோயிருந்தார். என்னிடம் இருந்தது விளக்குக்காக மதராஸிலிருந்து வந்த நல்லெண்ணெய். இவ்வளவு பெரிய ஆயுதத்துக்குச் சொட்டுக் கணக்கு பார்ப்பதா என்று, கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் தாராளமாக இரண்டு கரண்டி விட்டு, வழிந்ததைத் துணியால் துடைத்தேன். வீடெல்லாம் விளக்குக்கு ஊற்றின நல்லெண்ணெய் வாசனையாகவே இருந்ததால் இவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. பாராட்டுகூட எதிர்பார்க்காமல் செய்த காரியம் அது.

விஜயதசமி முடிந்து பொம்மைகளை எடுத்து வைக்கிற சனிக்கிழமை, இவர் தானாகவே வந்து நின்றார். "நீ உட்காரு பத்மா, நான் கட்டி வைக்கறேன்." பத்து வருடத்தில் ஒரு நாள் ஒரு பொம்மையைத் தொட்டவரில்லை. ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் அடுக்கி, தானே தூக்கிக்கொண்டு பேஸ்மெண்டில் வைத்துவிட்டு வந்தார். நான் சந்தோஷத்தில் அன்றைக்குப் பாயசம் வைத்தேன். அந்தப் பாயசத்தை நினைத்தாலும் இப்போது வயிறு எரிகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு சாமான்களோடு கிளம்பிப் போனார். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. கராஜில் வெந்நீர் தயாராக வைத்திருந்தேன்.

"வெந்நீர் வேண்டாம். ஒண்ணும் சாகலை" என்றார். "துப்பாக்கியில என்ன ஊத்தின?"

நடந்ததை அப்புறம் சொன்னார். காலையில் மைனஸ் பன்னிரண்டு. புது விருந்தாளிக்குத்தான் முதல் சந்தர்ப்பம் என்று லாபெல் இவரை ஓடைக்கரையில் உட்கார வைத்திருக்கிறார். எதிர்க்கரையில் ஒரு மான் வந்து நின்றிருக்கிறது. தோட்டா ஏற்றலாம் என்று இவர் தாழை இழுத்தால், உறைந்த நெய்யில் மாட்டின கரண்டி மாதிரி அது அசையவே இல்லையாம். மான் இவரைப் பார்த்தது, இவர் மானைப் பார்த்தார், அது போய்விட்டது. லாபெல் வந்து துப்பாக்கியை வாங்கி, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்து, "கோவி, இது சாலட் எண்ணெயா?" என்று கேட்டிருக்கிறார். எண்ணெய்ப் பிரிவு ஆசாமியின் துப்பாக்கியே எண்ணெயால் சிக்கிக்கொண்டதென்று மூன்று நாளும் அங்கே சிரிப்பு. டிசம்பரில் பிரிவுத் தலைவர் நாற்காலி ரெழான் என்கிற பையனுக்குப் போயிற்று. இருபத்தொன்பது வயசு. கிரீஸுக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்ததே இவர்தான்.

நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பத்து வருட உழைப்பை என் கையால் அல்லவா கெடுத்தேன்? இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேட்டை முடிந்த மறுவாரமே மணிவாசகம் வீட்டு தீபாவளி விருந்தில் முப்பது பேருக்கு நடுவில் கதையாகச் சொன்னார். "நம்ம பத்மா இருக்காளே..." என்று ஆரம்பித்து, மானைப் போல் நின்று காட்டி, தாழை இழுத்துக் காட்டி, கடைசியில் சாலட் எண்ணெய். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்போது மானுக்கு நாலு கிளைக் கொம்பு. பொங்கலுக்கு எட்டு. சித்திரை வருஷப் பிறப்புக்குள் பன்னிரண்டு ஆகிவிட்டது. கூடவே இவர், "அன்னிக்கு மட்டும் அந்த எண்ணெய் இல்லேன்னா..." என்று ஒரு பெருமூச்சையும் சேர்த்துக்கொண்டார்.

நான் நல்லெண்ணெயையே விட்டுவிட்டேன். விளக்குக்குச் சோள எண்ணெய், இட்லிப் பொடிக்குச் சோள எண்ணெய். பொடி நாக்கில் ஒட்டாமல் நின்றது. எனக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை.

அதோடு நிற்கவில்லை. மதாம் ஷாரேயிடம் 'என் தப்புதான்' என்பதற்குப் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, ஒரு டப்பா முறுக்கோடு, ஜனவரிப் பனியில் பஸ் பிடித்து, பாலத்தை நடந்தே தாண்டி, இல்-பிசார் தீவில் இருந்த லாபெல் வீட்டுக்குப் போனேன். இவருக்குத் தெரியாது. கதவைத் திறந்த மனிதரிடம் "செ ம ஃபோத், மிஸியே" என்று ஒப்பித்துவிட்டு அழுதேவிட்டேன். லாபெல் நல்ல மனிதர். உள்ளே உட்கார வைத்து, காப்பி கொடுத்து, எனக்குப் புரிகிற இங்கிலீஷில் சொன்னார்: "மதாம், துப்பாக்கி சிக்கிக்கொள்வது எல்லோருக்கும் நடப்பது. நான் என் துப்பாக்கியையே அவனிடம் நீட்டினேன். வேண்டாம், நான் சமைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டான். அதற்கப்புறம் வெளியே வரவே இல்லை. வெங்காயம் போட்டு ஏதோ செய்தான், நன்றாகவே இருந்தது."

என் புருஷனுக்கு எவ்வளவு ரோஷம் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் அழுதுகொண்டே பாலத்தைத் தாண்டி வந்தேன்.

அடுத்த வருடம் அக்டோபர் முதல் வாரம், கொலுவுக்காக டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ராமர் செட்டை எடுத்தேன், தசாவதாரத்தை எடுத்தேன். செட்டியாரையும் செட்டியார் அம்மாளையும் எடுத்தேன். அடியில் இன்னொரு பொட்டலம். செட்டியார் கடைத் தராசாக இருக்கும் என்று தூக்கினால் கனத்தது. செய்தித்தாளைப் பிரித்தேன். தோட்டாப் பெட்டி. ஒட்டின காகிதம்கூடக் கிழியவில்லை. இருபது தோட்டாவும் உள்ளே அப்படியே இருந்தன. பொட்டலத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாள், இவர் வேட்டைக்குப் போவதற்கு ஆறு நாள் முந்தின தேதி.

பேஸ்மெண்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணக்கில் எம்.ஏ. படித்தவளுக்கு இதைக் கூட்டிப் பார்க்க ரொம்ப நேரம் ஆகவில்லை. வீட்டில் ஒரே ஒரு பெட்டியை நான் வருடம் பூராவும் திறக்க மாட்டேன். அதில் ஒளித்து வைத்திருக்கிறார். முகாமில் கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். கடன் கொடுக்க ஆறு பேரிடமும் அந்த அளவுத் தோட்டா கிடையாது. அதற்குத்தான் அந்த விசாரணை, அந்தத் தோள்பட்டை நியாயம். நாற்பத்தொரு சாமானை மூன்று மாதம் பொறுக்கியதும், இதிலே நாள் போகட்டும் என்றுதான். என் நல்லெண்ணெய் இல்லாமலேயே அந்த மான் பிழைத்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. கண்தான் கலங்கியது. ஒரு உயிரை எடுக்க மனசு வராத மனிதர். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வீட்டில் ஆள் இல்லை. 'ஒரு மான்தானே' என்று சொன்ன வாய் என்னுடையது. அன்று அவர் பார்த்த பார்வையை ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

அப்புறம் இல்-பிசார் பாலம் ஞாபகம் வந்தது. முறுக்கு டப்பா ஞாபகம் வந்தது. "நம்ம பத்மா இருக்காளே" ஞாபகம் வந்தது. மானைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கு என்னைக் காப்பாற்றத் தெரியவில்லையே! தப்புக்கு ஒரு தலை கிடைத்ததும் அதன்மேல் எண்ணெயை ஊற்றிவிட்டு ஒரு வருடம் கதை சொல்லித் திரிந்திருக்கிறார். தனியாகக் கேட்டால் தனியாக மன்னிப்புக் கேட்பார். என் பெயர் கெட்டது தனியாகவா?

கொலு வைத்தேன். மூன்றாம் படியில் செட்டியார் கடை. வழக்கமாக அவர் முன்னால் சின்னக் கிண்ணங்களில் அரிசி, துவரம் பருப்பு, வெல்லம் வைப்பேன். அந்த வருடம் வெல்லத்துக்குப் பக்கத்தில் தோட்டாப் பெட்டியையும் வைத்தேன். பகலெல்லாம் அதன்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடி, சனிக்கிழமை சாயங்காலம் விருந்தாளிகள் வரத் தொடங்கியதும் எடுத்துவிட்டேன்.

கமிட்டி முழுக்க வந்திருந்தது. வேறு நாலைந்து குடும்பங்களும். சுண்டல் கிண்ணம் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்திருந்த ஒருவர் வேட்டை பற்றி ஏதோ கேட்டுவைக்க, இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அதையேன் கேக்கறீங்க! நம்ம பத்மா இருக்காளே..." என்று எழுந்து நின்றார். "மான் எதிர்ல நிக்குது. பன்னிரண்டு கிளைக் கொம்பு. நான் இப்படித் தாழை..." என்று கையை இழுத்துக்கொண்டே கொலுப் பக்கம் திரும்பினார். கை பாதியில் நின்றது.

"சொல்லுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன் நான்.

அலமு அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். "பத்மா, செட்டியார் கடையில இது என்ன புதுச் சரக்கு?"

"அவரையே கேளுங்க. அவர்தான் போன வருஷம் பொம்மையோட கட்டி வெச்சார்."

டாக்டர் எழுந்து போய் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "தோட்டா! கோவிந்த், இதைப் பிரிக்கவே இல்லையே?"

இவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "அது... அது ரெண்டாவது பெட்டி. எக்ஸ்ட்ரா" என்றார்.

அறையில் ஒரு மூலையிலிருந்து சண்முகவேல், சுண்டலை மென்றுகொண்டே, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னார்: "இல்லையே. வரிசை எண் முப்பத்தெட்டு. பெட்டி ஒண்ணு, இருபது. ஒண்ணு போதுமான்னு டாக்டர்கூடக் கேட்டாரே? போதும்னு நீங்கதான் சொன்னீங்க."

இவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். டைப் அடித்துக் கார்பன் பிரதி எடுத்துத் தானே ஊருக்கெல்லாம் கொடுத்த பட்டியல்.

"என்னால முடியாதுன்னு வாங்கின அன்னிக்கே தெரியும்" என்றார் கடைசியில். "அந்தக் கண்ணாடி வழியா வேற பார்த்துட்டேன். பஸ் ஸ்டாப்ல நிக்கறவங்க கண் இமையெல்லாம் தெரியுது. தோட்டாவை எடுத்துக்கிட்டுப் போனா யாராவது சுடச் சொல்லுவாங்க. அதான் வெச்சுட்டுப் போனேன்."

"அப்போ எண்ணெய்?" என்றாள் அலமு.

"எண்ணெய் மேல தப்பில்லை." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, "பத்மா மேலயும் தப்பில்லை" என்றார்.

"எனக்குக் கேக்கலை" என்றேன்.

நிமிர்ந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பத்மா மேல தப்பில்லை. ஒரு வருஷமா நான் சொன்னது பொய்" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் உடைந்திருக்கும், சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அலமு நிலைமையைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டு வீரர் மட்டும் என்னவாம்? தாம்பரத்துல அன்னிக்கு ஜுரம்னு கூடாரத்துலயே படுத்துக்கிட்டாராம். ஊருக்குப் போனப்போ என் நாத்தனார் சொன்னா." டாக்டர் சுண்டலில் எதையோ தேட ஆரம்பித்தார். அறையெல்லாம் சிரித்தது. அந்த வருடத்தில் முதல் தடவையாக நானும் மனசாரச் சிரித்தேன்.

துப்பாக்கியை அந்த மாதமே கடைக்காரக் கிழவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் துணைச் சாமான்கள் ஒன்றும் வீண் போகவில்லை. ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பனி தள்ளுகிறார். தொலைநோக்கி வழியாகப் பஸ் வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறார். காது மூடிகளை எப்போது மாட்டிக்கொள்கிறார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அவர் இன்னும் அதே மேஜையில்தான் இருக்கிறார்; நான் அதைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை.

கொலு விருந்துக்கு மறுநாள் காலையில் அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்த நல்லெண்ணெய்ப் பாட்டிலை வெளியே எடுத்தேன். விளக்குக்கு ஊற்றினேன். என் தட்டில் இட்லிப் பொடிக்கு நடுவில் குழி செய்து, அங்கேயும் தாராளமாக ஊற்றினேன். வாசனை கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். இவர் வந்து ஆசையோடு எதிரில் உட்கார்ந்து தட்டை நீட்டினார்.

அவர் பொடிக்குச் சோள எண்ணெயை ஊற்றினேன்.

அதையே தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். ஒரு வருஷம் ஆனதும் மாற்றலாம் என்று இருக்கிறேன்.